ஈயம் கொடுத்த எலியை மஞ்சள் காப்பாற்றியதா? ஆய்வை ஒழுங்காக அமைப்பது எப்படி

விலங்கியல், உயிர்வேதியியல், மருந்தியல் என்று எந்தத் துறையில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாலும் இந்தத் தலைப்பு ஒருவருக்காவது வந்துவிடும். எலிக்கு ஈயமோ காட்மியமோ கொடுப்பது, கூடவே வைட்டமின் சி, குர்குமின், பூண்டுச் சாறு, குவர்செட்டின் என்று உணவில் இருக்கும் ஏதாவது ஒரு ஆன்டிஆக்ஸிடன்ட்டைக் கொடுப்பது, கடைசியில் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் எடுத்து அரைத்து ரீடிங் பார்ப்பது. முடிவும் அநேகமாக ஒரே மாதிரிதான் வரும்: எம்டிஏ (கொழுப்பு ஆக்ஸிகரணச் சேதத்தின் அடையாளமான மாலோன்டைஆல்டிஹைடு) குறைந்தது, குளூட்டாதயோன் (செல்லின் சொந்த ஆன்டிஆக்ஸிடன்ட்) கூடியது, ஆகவே பாதுகாப்பு உண்டு. இப்படி எழுதப்பட்ட கட்டுரைகள் ஏராளம், ஆனால் அவற்றில் பலவற்றைப் படித்து முடித்த பிறகும், அந்தப் பொருள் எலிக்குள் உண்மையில் என்ன செய்தது என்று நமக்குத் தெரிவதில்லை. அதைத் தெரிந்துகொள்ளும்படி ஆய்வை அமைப்பது பெரிய செலவு பிடிக்கும் வேலை இல்லை. முதல் எலியைத் தொடுவதற்கு முன்னால் சில முடிவுகளை எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஈயத்தை வைத்தே சொல்கிறேன். காட்மியத்துக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

கேள்வியை மூன்றாக உடையுங்கள்

இரும்பு, தாமிரம் மாதிரி ஈயம் தானாக எலக்ட்ரானைக் கொடுத்து வாங்கி ஹைட்ராக்சில் ரேடிக்கலை, அதாவது செல்லைத் தாக்கும் நிலையற்ற துகளை, உண்டாக்கும் உலோகம் இல்லை. அது சுற்று வழியில் போகிறது. குளூட்டாதயோனிலும் பல என்சைம்களிலும் இருக்கும் கந்தகக் கைகளைப் பிடித்துக்கொள்கிறது. ஹீம் தயாரிப்பில் இரண்டாவது படியில் இருக்கும் அலாட் என்ற என்சைமில் துத்தநாகத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. அலாட் நின்றதும் டெல்டா-அமினோலெவுலினிக் அமிலம் தேங்குகிறது. அது தானே ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து ரேடிக்கல்களைக் கொடுக்கிறது.

இந்தச் சங்கிலியில் ஒரு ஆன்டிஆக்ஸிடன்ட் மூன்று இடங்களில் புகுந்திருக்கலாம். குடலிலேயே ஈயத்தைப் பிடித்து உள்ளே போகவிடாமல் செய்திருக்கலாம். உள்ளே போனதை இழுத்து வெளியே அனுப்பியிருக்கலாம். இல்லை, ஈயம் இருக்கிறபடி இருக்க, அது கிளப்பிவிட்ட ரேடிக்கல்களை அடக்கியிருக்கலாம். மூன்றிலும் எம்டிஏ குறையும், மூன்றிலும் குளூட்டாதயோன் கூடும். மழை பெய்யாததால் நனையவில்லையா, குடை இருந்ததால் நனையவில்லையா என்பதை ஈரமில்லாத சட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. குர்குமின், குவர்செட்டின், தேயிலையின் கேட்டச்சின்கள் எல்லாமே உலோகத்தைப் பிடிக்கும் அமைப்பு கொண்டவை. அதனால் இது வெறும் தத்துவச் சந்தேகம் இல்லை, உங்கள் ஆய்வின் நடுக்கேள்வியே இதுதான்.

இதைச் சரியாகக் கையாண்ட ஒரு பழைய ஆய்வை முன்மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். 1996-ல் நூரன் எர்காலின் குழு, மிசோரி பல்கலைக்கழகத்தின் ரோலா வளாகத்தில், சுண்டெலிகளுக்கு ஐந்து வாரம் ஈயம் கொடுத்தது. அதற்குப் பிறகுதான் சிகிச்சையைத் தொடங்கினார்கள். ஒரு குழுவுக்கு 7 நாள் டிஎம்எஸ்ஏ, அதாவது ஈய நச்சுக்கு மருத்துவர்களே கொடுக்கும் உலோகப்பிடிப்பான். இன்னொரு குழுவுக்கு 7 நாள் என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட். இரண்டிலுமே எம்டிஏ குறைந்தது, குளூட்டாதயோன் கூடியது. ஆனால் ரத்தம், கல்லீரல், மூளை ஆகியவற்றில் ஈயத்தின் அளவு டிஎம்எஸ்ஏ குழுவில் மட்டும்தான் குறைந்தது, என்-அசிட்டைல்சிஸ்டீன் குழுவில் குறையவில்லை. ஈயம் அப்படியே இருக்க, சேதம் மட்டும் குறைந்திருக்கிறது. "ஆன்டிஆக்ஸிடன்ட்டாக வேலை செய்தது" என்று தைரியமாக எழுதக்கூடிய முடிவு இது. இதைச் சாத்தியமாக்கியவை மூன்று: திசுவில் உலோகத்தை அளந்தது, சிகிச்சையைப் பின்னால் வைத்தது, ஒப்பிட ஒரு உலோகப்பிடிப்பானைச் சேர்த்தது. இந்த மூன்றையும் உங்கள் திட்டத்தில் கொண்டுவாருங்கள். மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

குழுக்கள்

வழக்கமான நான்கு குழு எல்லோருக்கும் தெரிந்ததே: கட்டுப்பாடு, ஈயம் மட்டும், ஆன்டிஆக்ஸிடன்ட் மட்டும், இரண்டும் சேர்த்து. இதோடு டிஎம்எஸ்ஏ குழு ஒன்று. அப்புறம், ஈயத்தை முழுக்க நிறுத்திய பிறகு ஆன்டிஆக்ஸிடன்ட் கொடுக்கும் குழு ஒன்று. அதற்கு இணையாக, ஈயத்தை நிறுத்திவிட்டு எதுவும் கொடுக்காத குழுவும் கட்டாயம் வேண்டும். நிறுத்தினாலே ரத்த ஈயம் தானாக இறங்கும், அந்த இறக்கத்தை உங்கள் பூண்டுச் சாற்றின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. நிறுத்திய பிறகு கொடுத்தால் குடலில் ஈயமும் அதுவும் சந்திக்க வாய்ப்பு மிகக் குறைவு, ஆகவே அங்கே தெரியும் பலன் பெரும்பாலும் குடலுக்கு அப்பால் நடந்தது என்று சொல்லலாம்.

ஆன்டிஆக்ஸிடன்ட் மட்டும் கொடுக்கும் குழுவைச் சடங்குக்காக வைக்காதீர்கள், அதிலும் எல்லா அளவீடுகளையும் எடுங்கள். ஆன்டிஆக்ஸிடன்ட் என்றாலே நல்லது என்பது உண்மை இல்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்து 1994-ல் வெளியான ஆய்வில், பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்தது. செலினியத்தில் தேவைக்கும் நச்சுக்கும் இடைவெளி இன்னும் குறுகல்: எலித் தீவனத்தில் கிலோவுக்கு 0.15 மி.கி. போதும், சில மில்லிகிராமைத் தொட்டாலே கேடு தொடங்கிவிடும்.

எத்தனை எலி? குழுவுக்கு ஆறு என்பது பழக்கம். ஆறு ஆறாக இரண்டு குழுவை ஒப்பிட்டால், வித்தியாசம் திட்டவிலக்கத்தைப் (எலிக்கு எலி அளவு மாறும் வீச்சு) போல 1.8 மடங்கு இருந்தால்தான் 80 சதவீத வாய்ப்போடு பிடிபடும். ஒரு திட்டவிலக்கம் அளவு வித்தியாசத்தைப் பிடிக்க 17 வேண்டும். உங்கள் முக்கிய அளவீடு எது என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு முன்பு வந்த ஆய்வுகளின் திட்டவிலக்கத்தை எடுத்து, கணக்குப் போட்டு எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். இந்தியாவில் என்றால் பி படிவத்தில் நிறுவன விலங்கு நெறிக்குழு இதைத்தான் கேட்கும். விலங்கு ஆய்வுக்கான 1998 விதிகளின்படி அந்த அனுமதி இல்லாமல் ஒரு எலியையும் தொட முடியாது. குறைந்த எலியில் ஒன்றும் சொல்ல முடியாத ஆய்வைச் செய்தால் அத்தனை உயிரும் வீண். எனக்கு இந்த விஷயத்தில் உறுத்துவது இதுதான்.

தண்ணீர் பாட்டிலில் நடப்பது

ஈயத்தைக் குடிதண்ணீரில் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். லெட் அசிட்டேட்டை எடை போட்டுக் குழாய்த் தண்ணீரில் போட்டதும் பால் போலக் கலங்கும். கொஞ்ச நேரத்தில் வெள்ளைப் பொடி அடியில் படியும். அது லெட் கார்பனேட். பாட்டிலின் மூக்கு வழியாக எலிக்குப் போவது நீங்கள் எழுதி வைத்த அளவு இல்லை. அயனி நீக்கிய தண்ணீரை எடுங்கள், அதிலும் லேசாகக் கலங்கினால் தெளியும் வரை சில துளி அசிட்டிக் அமிலம் விடுங்கள். அதே அளவு அசிட்டிக் அமிலமும், ஈயத்துக்குச் சமமான அசிட்டேட்டுக்காக சோடியம் அசிட்டேட்டும் கட்டுப்பாட்டுக் குழுவின் தண்ணீரிலும் இருக்க வேண்டும்.

உப்பின் எடையும் ஈயத்தின் எடையும் ஒன்றல்ல. லெட் அசிட்டேட் ட்ரைஹைட்ரேட்டின் மூலக்கூறு எடை 379, அதில் ஈயம் 207. லிட்டருக்கு 500 மி.கி. உப்பு போட்டால் ஈயம் 273 மி.கி.தான். நீரற்ற உப்பு என்றால் 318 மி.கி. கட்டுரைகளில் "500 பிபிஎம்" என்று மட்டும் போட்டிருக்கும், உப்பா ஈயமா என்று இருக்காது. நீங்கள் அப்படி விடாதீர்கள்.

250 கிராம் எலி நாளைக்குச் சுமார் 25 மி.லி. குடிக்கும். லிட்டருக்கு 273 மி.கி. என்றால் கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 27 மி.கி. ஈயம். ஆனால் இது பேப்பர் கணக்கு. ஈயத் தண்ணீரை எலி குறைவாகக் குடிக்கலாம், குறைவாகக் குடித்தால் குறைவாகச் சாப்பிடும், எடை ஏறாது. பாட்டிலை வைக்கும்போதும் எடுக்கும்போதும் எடை போடுங்கள், தீவனத்தையும் அப்படியே. வித்தியாசம் பெரிதாக இருந்தால், ஈயக் குழு எவ்வளவு சாப்பிட்டதோ அவ்வளவே கொடுக்கப்படும் கட்டுப்பாட்டுக் குழு ஒன்று தேவைப்படும். இல்லாவிட்டால் பட்டினியின் விளைவை ஈயத்தின் விளைவு என்று எழுதிவிடுவீர்கள். இன்னொன்றும் உண்டு: உங்கள் ஆன்டிஆக்ஸிடன்ட் கொடுத்த எலிகள் தண்ணீரைக் குறைத்துக் குடித்தாலே ஈயமும் குறைவாகத்தான் போயிருக்கும், அதற்குப் பெயர் பாதுகாப்பு இல்லை.

ஒரே பாட்டிலில் ஈயத்தையும் வைட்டமின் சியையும் கலந்து வைக்கவே வேண்டாம். குழாய் மூலம் வாய்வழி கொடுங்கள், ஈயத் தண்ணீரை முன்னும் பின்னும் சில மணி நேரம் எடுத்துவிட்டு. வைட்டமின் சி கரைசல் அன்றன்றைக்குத் தயாரித்ததாக இருக்கட்டும். துளி தாமிரம் இருந்தாலும் அது சிதைந்துபோகும்.

தீவனம்: யாரும் கவனிக்காத குழு

சாதாரண உருண்டைத் தீவனத்தில் சோயா இருக்கும், அதில் ஐசோஃப்ளேவோன் இருக்கும், பைட்டேட் இருக்கும், கால்சியமும் இரும்பும் மூட்டைக்கு மூட்டை மாறும், சில சமயம் காட்மியமே துளித்துளியாக இருக்கும். 1970-ல் சிக்ஸ், கோயர் என்ற இருவர் கால்சியம் குறைந்த தீவனம் தின்ற எலிகளில் ஈய நச்சு பல மடங்கு கடுமையாவதைக் காட்டினார்கள், பிறகு இரும்புக் குறைவிலும் அதையே கண்டார்கள். அப்படியிருக்க, கீரைப் பொடியைத் தீவனத்தில் 5 சதவீதம் கலந்து "கீரையின் ஆன்டிஆக்ஸிடன்ட் ஈயத்தைத் தடுத்தது" என்று எழுதினால், தடுத்தது கீரையின் கால்சியமாகவும் இருக்கலாம். கலக்கும் பொடியின் கால்சியம், இரும்பு, துத்தநாகத்தை அளந்து, அதே அளவு தாதுவைக் கட்டுப்பாட்டுத் தீவனத்திலும் சேர்க்க வேண்டும்.

பணம் இருந்தால் சுத்திகரித்த கலவைத் தீவனம் எடுங்கள். அமெரிக்க ஊட்டச்சத்துக் கழகத்தின் 1993 ஃபார்முலா, ஏஐஎன்-93, இப்போதும் எல்லா இடத்திலும் ஓடுகிறது. வளரும் எலிக்கு ஜி, வளர்ந்த எலிக்கு எம். அதிலும் எண்ணெய் கெடாமல் இருக்க டிபிஎச்க்யூ என்ற செயற்கை ஆன்டிஆக்ஸிடன்ட் (ஜியில் கிலோவுக்கு 14 மி.கி.) இருக்கிறது என்பதை மனதில் வையுங்கள். மூட்டைத் தீவனம்தான் முடியும் என்றால் ஆய்வு முழுவதுக்கும் ஒரே தொகுதி எண்ணில் வாங்கி வைத்து, ஒரு பிடி எடுத்து ஈயம், காட்மியம், கால்சியம் பார்த்துவிடுங்கள்.

கடையில் வாங்கிய மஞ்சள் தூளை நேராகக் கொடுக்க நினைப்பவர்களுக்கு: வங்கதேசத்தில் மஞ்சளுக்குப் பளிச்சென்ற நிறம் வர லெட் குரோமேட் பூசியிருந்ததை ஆய்வாளர்கள் 2019-ல் வெளிக்கொண்டுவந்தார்கள். ஈய நச்சுக்கு முறிவு என்று நீங்கள் கொடுப்பதிலேயே ஈயம் இருக்கலாம். முதலில் அளந்து பாருங்கள்.

எந்த விலங்கு, எவ்வளவு டோஸ்

எலிக்கு வைட்டமின் சி தேவையில்லை, அதன் கல்லீரலே தயாரித்துக்கொள்கிறது. மனிதனாலும் கினிப் பன்றியாலும் முடியாது. ஏற்கெனவே நிரம்பியிருக்கும் உடலில் மேலே ஊற்றுவதும், உணவையே நம்பியிருக்கும் உடலில் ஊற்றுவதும் ஒன்றில்லை. வைட்டமின் சிதான் உங்கள் பொருள் என்றால் கினிப் பன்றியை யோசியுங்கள். வேறு பொருள் என்றால் வழக்கமான ஆய்வக எலி வகைகளான விஸ்டாரோ ஸ்ப்ராக்-டாலியோ போதும். ஆண், பெண் இரண்டும் எடுங்கள்.

டோஸை முன்பு வந்த கட்டுரையிலிருந்து அப்படியே எடுக்காமல் மனித அளவுக்கு மாற்றிப் பாருங்கள். எலியின் மி.கி./கி.கி.யை 6-ஆல் பெருக்கி 37-ஆல் வகுத்தால் மனித அளவு வரும். 100 மி.கி. குர்குமின் என்றால் மனிதனுக்கு கிலோவுக்கு 16 மி.கி., 60 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய 970 மி.கி. மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம், அப்படியென்றால் தினமும் 32 கிராம் தூள். எந்தக் குழம்பிலும் இது வராது. மருந்தாகப் பார்க்கிறேன் என்றால் சரி, "உணவில் சேர்த்தால் போதும்" என்று முடிவுரையில் எழுத முடியாது. குறைந்தது இரண்டு டோஸ் வையுங்கள், ஒன்று சாப்பாட்டில் நடக்கக்கூடிய அளவில்.

கரைக்க மக்காச்சோள எண்ணெய் பயன்படுத்தினால் அதிலேயே வைட்டமின் ஈ இருக்கிறது. அதைவிட 0.5 சதவீத கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் நல்லது. எதுவானாலும் எல்லாக் குழுவுக்கும் அதே திரவம், அதே மி.லி., அதே குழாய். கிலோவுக்கு 5 மி.லி.க்குள் வைத்தால் எலிக்குச் சிரமம் குறைவு.

சாம்பிள் எடுக்கும் நாள்

ரத்தத்தைப் பிரித்து வாங்குவது முக்கியம். அலாட் பார்க்க, ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் போட்ட குழாய்தான், இடிடிஏ போட்ட குழாய் வேண்டாம். இடிடிஏ துத்தநாகத்தையும் ஈயத்தையும் பிடித்து என்சைம் ரீடிங்கையே மாற்றிவிடும். உலோக அளவீட்டுக்கான குழாய்களை 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் இரவு முழுக்க ஊறவைத்து, சுத்த நீரில் அலசி எடுங்கள். ரத்தம், சிறுநீரகம், மூளை, தொடை எலும்பு: இந்த நான்கிலாவது ஈயத்தைப் பாருங்கள். உடலில் ஈயம் தங்குவது எலும்பில்தான், ரத்த ஈயம் இறங்கி எலும்பு ஈயம் அப்படியே இருந்தால் அது வேறு கதை. கூண்டில் மலம், சிறுநீர் பிரித்துச் சேகரிக்க முடிந்தால் இன்னும் நல்லது. மலத்தில் கூடினால் குடலில் தடுத்திருக்கலாம், சிறுநீரில் கூடினால் வெளியே இழுத்திருக்கலாம்.

திசுவில் உலோகம் குறைந்தால்தான் பாதுகாப்பு என்றும் நினைத்துவிட வேண்டாம். 1967-ல் பாரிசெக், ஓஸ்டாடலோவா இருவரும் செலினைட் கொடுத்துப் பாதரச நச்சிலிருந்து எலியின் சிறுநீரகத்தைக் காப்பாற்றினார்கள். செலினியம் கொடுத்த விலங்கில் பாதரசம் ரத்தத்தில் கூடுதலாகத்தான் தங்கும், ஆனால் செலினியத்தோடு கட்டுண்டு செயலற்றுப் போயிருக்கும். அதனால் அளவையும் சேதத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

குளூட்டாதயோன் நிமிடங்களில் கெடும். ஈரலை எடுத்ததும் பனிக்கட்டி மேல் வைத்து, குளிர்ந்த மெட்டாபாஸ்பாரிக் அமிலத்தில் அரைத்துவிடுங்கள். ஆக்ஸிகரணமடைந்த குளூட்டாதயோனும் வேண்டும் என்றால் என்-எத்தில்மேலிமைடு சேர்த்து அரைக்கும் தனிப் பகுதி தேவை. குளூட்டாதயோனை அளக்கும் எல்மன் வினைப்பொருளோடு 412 நானோமீட்டரில் வரும் மஞ்சள் நிறம் எல்லா தயோலுக்கும் (கந்தகக் கை உள்ள சேர்மங்களுக்கும்) வரும். புரதத்தை முழுக்க நீக்காமல் பார்த்தால் அது குளூட்டாதயோன் இல்லை.

எம்டிஏவுக்கு டிபிஏ (தயோபார்பிட்யூரிக் அமிலம்) முறையை எல்லோரும் செய்கிறோம், 532 நானோமீட்டரில் இளஞ்சிவப்பு. சர்க்கரைகளும் அந்த நிறத்தில் குறுக்கிடும், ரத்த அணு உடைந்து பிளாஸ்மா சிவந்திருந்தாலும் ரீடிங் எகிறும். சூடாக்கும் முன் பிஎச்டி (BHT என்ற செயற்கை ஆன்டிஆக்ஸிடன்ட்) சேர்க்காவிட்டால் பரிசோதனைக் குழாயிலேயே கொழுப்பு ஆக்ஸிகரணம் நடக்கும். இங்கே ஒரு பொறி இருக்கிறது: திசுவில் மிச்சமிருக்கும் உங்கள் ஆன்டிஆக்ஸிடன்ட், எலிக்குள் எதுவும் செய்யாமலே, அந்தக் குழாய்க்குள் நடக்கும் ஆக்ஸிகரணத்தைத் தடுத்து எம்டிஏவைக் குறைத்துக் காட்டும். எல்லாக் குழாயிலும் பிஎச்டி போட்டால் இது அடங்கும். கட்டுப்பாட்டு ஈரல் கூழில் உங்கள் பொருளை வெளியிலிருந்து துளி சேர்த்து ரீடிங் மாறுகிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். குர்குமினுக்கு இது இரட்டிப்பாகத் தேவை, அதுவே 425 நானோமீட்டர் பக்கம் ஒளியை உறிஞ்சும் மஞ்சள் பொருள். வசதியுள்ள ஆய்வகம் பக்கத்தில் இருந்தால் சில சாம்பிளுக்காவது எஃப்2-ஐசோப்ரோஸ்டேன் (கொழுப்பு ஆக்ஸிகரணத்தின் இன்னொரு அடையாளம்) பார்த்து எம்டிஏவோடு ஒப்பிடுங்கள்.

சாம்பிள்களுக்குக் குழுப் பெயர் எழுதாமல் எண் மட்டும் போடுங்கள். திசுவியல் ஸ்லைடு பார்ப்பவருக்கு எது எந்தக் குழு என்று தெரியவே கூடாது.

கணக்கும் எழுத்தும்

ஈயம் உண்டு-இல்லை, ஆன்டிஆக்ஸிடன்ட் உண்டு-இல்லை என்ற நான்கு குழுவுக்கு இருவழி அனோவா என்ற புள்ளியியல் சோதனைதான் பொருத்தம். அதில் வரும் இடைவினைதான் உங்கள் கேள்வி: ஈயம் இருக்கும்போது மட்டும் அந்தப் பொருள் கூடுதலாக வேலை செய்கிறதா? ஒருவழி அனோவா போட்டு எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் ஒப்பிட்டு நட்சத்திரக் குறி போடுவதில் இந்தக் கேள்வி தொலைந்துபோகிறது. மூன்று எலி ஒரே பாட்டிலில் ஈயம் குடித்தால், அந்த மூன்றும் மூன்று தனி அளவீடு இல்லை, கூண்டுதான் ஒரு அலகு. எலிகளை எந்தக் கூண்டு எந்தக் குழு என்று சீட்டுப் போட்டோ கணினியிலோ பிரித்ததை எழுதுங்கள். இறந்த எலி, விலக்கிய எலி எத்தனை, ஏன் என்பதையும் எழுதுங்கள். விலங்கு ஆய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும், 2020-ல் புதுப்பித்த அரைவ் (ARRIVE) வழிகாட்டுதல் கேட்பதும் இதையெல்லாம்தான், அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் இதழிலிருந்து திரும்பி வரும் கேள்விகள் பாதியாகும்.

முடிவை எழுதும்போது, ஈயம் குறைந்து எம்டிஏவும் குறைந்திருந்தால் "உட்கிரகிப்பைக் குறைத்திருக்கலாம், அல்லது வெளியேற்றியிருக்கலாம்" என்று எழுதுங்கள், ஆன்டிஆக்ஸிடன்ட் விளைவு என்று எழுத வேண்டாம். ஈயம் குறையாமல் எம்டிஏ, அலாட், திசு அமைப்பு மூன்றும் தேறியிருந்தால் எழுதலாம். எம்டிஏ மட்டும் தேறி அலாட் அப்படியே இருந்தால் அதையும் மறைக்காமல் போடுங்கள், ஈயத்தின் முதல் இலக்கை அது தொடவில்லை என்பது படிப்பவருக்குப் பயனுள்ள செய்தி.

மிச்சமான ஈயத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். பாட்டில் அலசிய முதல் நீர், கூண்டில் விரித்த உமி, எலியின் உடல், எல்லாவற்றிலும் ஈயம் இருக்கிறது. பெயர் எழுதிய தனிக் கொள்கலனில் சேர்த்து அபாயக் கழிவு எடுப்பவரிடம் ஒப்படையுங்கள். கூண்டு கழுவும் ஊழியருக்குக் கையுறையும் முகக்கவசமும் கொடுத்து, எதைக் கழுவுகிறார் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.